திமெர்பாயின் மூன்றாவது கோப்பை

லண்டன் ஹவுன்ஸ்லோ வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுவிட்டால் குகநாதனுக்குத்தான் போன் போகும். ஆனால் கதவு திறக்கிறவர்கள் உள்ளே திரும்பி, 'பொயிலர்காரர் வந்திருக்கிறார்' என்று சொல்வதில்லை. 'ரோசக்காரன் எழுதினவர் வந்திருக்கிறார்' என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டதும் குகநாதன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு சிரிப்புச் சிரிப்பார். பெரிய மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பு. இருபது வருடப் பழக்கத்தில் அது அவருக்கு நன்றாகவே படிந்துவிட்டிருந்தது.

'ரோசக்காரன்' ஒன்றேகால் மணி நேர நாடகம். ஒரு விதவைத் தாய், அவளுடைய மகள், மகளைப் பெண் கேட்டு மூன்று மாலைகள் தொடர்ந்து வருகிற ஒரு மாட்டுக்காரன். முதல் மாலை தாய் அவனுக்கு அரைக் கோப்பை தேத்தண்ணி ஊற்றுகிறாள். இரண்டாம் மாலையும் அரைக் கோப்பை. மூன்றாம் மாலை விளிம்பு தட்ட ஊற்றிக் கொடுக்கிறாள். அவன் அதைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். கதை இவ்வளவுதான். இதை லண்டன் தமிழர்கள் இருபது வருடத்தில் முப்பத்தாறு தடவை பார்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரரான டொக்டர் கோபாலகிருஷ்ணன், இதயச் சத்திர சிகிச்சைகளுக்கு நடுவே நேரம் எடுத்து, 'விருந்தோம்பலை உதறிய தன்மானம்' என்று இருபத்திரண்டு பக்கத்தில் கட்டுரையே எழுதினார். குகநாதனின் வீட்டு அலுமாரியில் பொன்னாடைகள் மட்டும் தனியாக ஒரு தட்டு.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாடகத்தை எழுதியது குகநாதன் இல்லை.

லண்டனுக்கு வருவதற்கு முன் அவர் ஜெர்மனியில், டோர்ட்முண்டில், ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் பதினொரு வருடம் கோப்பை கழுவினார். பக்கத்து நூலகம் கழித்துப்போட்ட புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வாசலில் வைக்கும். ஜெர்மன் பழக என்று அதில் ஒரு மெல்லிய மஞ்சள் புத்தகத்தைக் கிளப்பிக்கொண்டு வந்தார். யூரல் மலைப்பக்கத்துப் பாஷ்கீர் மொழியில் ஒருவர் எழுதிய நாடகம், ஜெர்மனில். பெயர் 'மூன்றாவது மாலை'. அப்படி ஒரு மொழி இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். நாடகம் மனத்தைப் போட்டுப் பிசைந்தது. லண்டனுக்கு வந்தபிறகு அதைத் தமிழில் எழுதினார். குதிரையை மாடாக்கினார், பனியை மழையாக்கினார், புளித்த குதிரைப் பாலைக் கள்ளாக்கினார். முதல் துண்டுப்பிரசுரம் அடிக்கும்போது மூல ஆசிரியரின் பெயரைப் போடத்தான் நினைத்தார். திமெர்பாய் யுமாகூலோவ். வாயில் நுழையவில்லை. 'பிறகு பாப்பம்' என்றார். அந்தப் பிறகு வருவதற்குள் முதல் பொன்னாடை வந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இருபதாவது ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை, நிரூபனின் வீட்டில் பொயிலர் நின்றது. நிரூபன் நாடகச் சங்கத்தின் செயலாளர். மேல்மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறவர். புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரர் குளிரில் கிடக்கிறார், ஓடிவாங்கோ என்று கூப்பிட்டார்.

அறையில் அகன்ற முகமும் நரைத்த மீசையுமாக அறுபது தாண்டிய ஒருவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் பால்விட்ட தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு மெல்லிய மஞ்சள் புத்தகம். அட்டையில் குதிரைத் தலை.

குகநாதனின் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலியில் அவர் வாயில் வந்தது ஜெர்மன் வசவு. மனிதருக்கு எந்த நாட்டில் கஷ்டப்பட்டாரோ அந்த நாட்டு மொழியில்தான் வசவு வரும் போலிருக்கிறது. கிழவர் முகம் மலர்ந்து ஜெர்மனிலேயே கேட்டார்.

"அட, நீங்கள் ஜெர்மன் பேசுவீர்களா? நான் லைப்சிக்கில் இரண்டு வருடம் படித்தவன். இந்த ஊரில் என்னோடு பேச ஆளே இல்லை."

"இந்தப் புத்தகம்..." என்றார் குகநாதன்.

"நான் எழுதியது. என் பெயர் திமெர்பாய். எங்கள் பக்கத்தில் மூத்தவர்களை 'அகாய்' என்று கூப்பிடுவோம். நீங்களும் அப்படியே கூப்பிடலாம்."

பொயிலரைத் திருத்த அரை மணி நேரம் போதும். குகநாதன் இரண்டு மணி நேரம் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுத்தால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டி வரும். திமெர்பாய் பின்னால் இருந்து பேசிக்கொண்டே இருந்தார். பதினொரு நாடகங்கள், மூன்று கவிதைத் தொகுதிகள். பிறகு போரைப் பற்றி எட்டு வரியில் ஒரு கவிதை. "எட்டு வரி கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது" என்று சிரித்தார். அந்த எட்டு வரியால் ஒரு பையோடு ஊரைவிட்டு வந்து இரண்டு வருடமாகிறது.

"நாடகங்களை நிறுத்திவிட்டார்களா அகாய்?"

"ஒன்றை நிறுத்தவில்லை. இந்த 'மூன்றாவது மாலை'யை நிறுத்தினால் சனங்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் என் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். சுவரொட்டியில் இப்போது 'நாட்டார் கதை' என்று இருக்கிறது." திமெர்பாய் கோப்பையை வைத்தார். "உயிரோடு இருக்கும்போதே நான் நாட்டார் ஆகிவிட்டேன். எனக்கு இப்போது நானூறு வயது."

அவர் சிரித்தார். சிரித்து முடிந்தபிறகும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொயிலருக்குள் இருந்த குகநாதனுக்குக் காது இரண்டும் சுட்டது. அது பொயிலரின் சூடு என்று தன்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். பொயிலர் இன்னும் பற்றவே இல்லை.

அந்த நேரம் பார்த்து நிரூபன் மேலே வந்தார். வந்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. குகநாதனின் தோளில் தட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவர் எங்கட பெரிய நாடக ஆசிரியர், சனிக்கிழமை இவருடைய நாடகத்துக்கு இருபது வயது, நீங்கள் முன் வரிசையில் இருக்கவேண்டும் என்று டிக்கெட்டைக் கிழவரின் கையில் திணித்தார். திமெர்பாய் குகநாதனை எழுப்பிக் கட்டிப்பிடித்தார்.

"நீங்களும் நாடகக்காரரா! சொல்லவே இல்லையே!"

குகநாதன் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தார். நாடகம் ரொம்ப நீளம் என்றார். எங்கள் ஊர் நாடகங்கள் அதைவிட நீளம் என்றார் திமெர்பாய். மண்டபத்தில் குளிர் என்றார். எங்கள் ஊரில் மைனஸ் முப்பது என்றார் திமெர்பாய். ஒரு சொல்லும் விளங்காது என்றார். நல்ல நாடகம் என்றால் மொழி எதற்கு என்றார் திமெர்பாய்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அவர் ஒரு குறுக்குவழி பார்த்தார். தாயாக நடிப்பது அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி. விமான நிலையத்துச் சாப்பாட்டுப் பகுதியில் வேலை. இருபது வருடமாக அந்தக் கோப்பையை மேடையில் நிரப்பியவளும் அவள்தான்.

"ஈஸ்வரி, நாளைக்குத் தேத்தண்ணி வேண்டாம். மூண்டு நாளும் மோர் குடு."

"பின்னேரத்தில ஆரப்பா மோர் குடிக்கிறது?"

"வெக்கையெண்டு வைச்சுக்கொள்ளன்."

"முதல் காட்சியில மழை பெய்யுதெண்டு நீங்கள்தானே எழுதி வைச்சிருக்கிறியள்."

"சரி, தேத்தண்ணியே குடு. ஆனா கடைசி நாளும் அரைக் கோப்பைதான் ஊத்தவேணும்."

ஜெகதீஸ்வரி இடுப்பில் கை வைத்தாள். "பிறகு அவன் என்னத்துக்கு எழும்பிப் போறான்? முழுசா ஊத்தியே அவன் ஏன் போறானெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. மனுசி மனமிரங்கி நிரப்பிக் குடுக்கிறாள், அவன் போறான். ஏன்?"

"அது உனக்கு விளங்காது" என்றார் குகநாதன். முதல் ஒத்திகையிலிருந்து அவர் கொடுத்துவருகிற பதில் அது. உண்மையில் அவருக்கும் விளங்கியதில்லை. ஜெர்மன் புத்தகத்தில் அவன் ஏன் போகிறான் என்று ஒரு குறிப்பும் இல்லை. அவரே யோசித்து, ரோசம்தான் காரணம் என்று முடிவுகட்டி, நாடகத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்.

சனிக்கிழமை, வெஸ்ட் ஈலிங்கில் கோயிலுக்குப் பக்கத்துப் பாடசாலை மண்டபம். ஐந்து மணி என்று போட்டிருந்தபடியால் ஆறே முக்காலுக்குத் தொடங்கினார்கள். வெள்ளைத் தோல் யாராக இருந்தாலும் முன் வரிசையில் இருத்துவது நிரூபனின் கொள்கை. இருத்தியதோடு விடாமல் திமெர்பாயை மேடைக்கு இழுத்து, குத்துவிளக்கின் மூன்றாவது திரியையும் ஏற்றவைத்தார். கையில் ஒரு தட்டு வடையும் கொடுத்தார். மோர் யோசனை மண்ணாகிவிட்டது. நிரூபன் வழக்கம்போல பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடுதான் வந்திருந்தார்.

குகநாதன் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றார். மேடையை அவர் பார்க்கவேயில்லை. முன் வரிசையில் இருந்த ஒரே ஒரு முகத்தைப் பார்த்தார்.

முதல் மாலை. மாட்டுக்காரனாக நடித்த லதீசன் வந்து அமர்ந்தான். ஜெகதீஸ்வரி அரைக் கோப்பை ஊற்றினாள். "சரியான கஞ்சப் பிசினாரி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல், மண்டபம் சிரித்தது. வாய்க்குப் போன வடை திமெர்பாயின் கையில் பாதிவழியில் நின்றது.

இரண்டாம் மாலை. மறுபடி அரைக் கோப்பை, மறுபடி சிரிப்பு. திமெர்பாய் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. லதீசன் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்பே அவை அசைந்தன. குகநாதன் திரையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் மாலை. ஜெகதீஸ்வரி விளிம்பு தட்ட ஊற்றினாள். திமெர்பாய் கண்ணை மூடினார். லதீசன் குடித்தான், எழுந்தான், வாசலில் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினான்.

"எனக்கும் ரோசம் இருக்கணை!"

மண்டபம் கூரை பறக்கக் கைதட்டியது. விசில் பறந்தது. டொக்டர் கோபாலகிருஷ்ணன் எழுந்தே நின்றுவிட்டார். திமெர்பாய் கண்ணைத் திறந்து, சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் வீட்டுச் செத்தவீட்டில் ஊரே கலியாணப் பாட்டுப் பாடுவதைப் பார்த்தவர்போல இருந்தது அவர் முகம். மெதுவாகக் குனிந்து கோட்டை எடுத்தார்.

அந்த நேரம் நிரூபன் மேடையில், "நாடகத் திலகம் குகநாதன் அண்ணையை அன்போடு அழைக்கிறன்!" என்றார். பொன்னாடை விழுந்தது. மைக் கைக்கு வந்தது. திமெர்பாய் நடுவழியால் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் அப்படியே போயிருக்கலாம். கதவுக்கு நாற்பது அடிதான். மண்டபத்தில் ஜெர்மன் தெரிந்தவர் வேறு ஒருவரும் இல்லை, இருந்தாலும் ஒரு அகதிக் கிழவர் சொல்வதை யார் கேட்கப்போகிறார்கள்? குகநாதன் நாற்பது அடியையும் எண்ணிப் பார்த்தார். முப்பது. இருபது. கிழவர் ஒரு சத்தமும் போடாமல் போகிறாரே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கிழவர் ஏசியிருந்தால் குகநாதன் பேசாமல் நின்றிருப்பார். பத்து அடி மிச்சமிருந்தபோது மைக்கில் கத்தினார்.

"இந்த நாடகத்தை நான் எழுதேல்லை! இதை எழுதினவர் அந்தா போறார்! திமெர்பாய் யுமாகூலோவ்!"

அத்தனை வருடம் வாயில் நுழையாத பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. கதவில் கை வைத்த திமெர்பாய் தன் பெயரைக் கேட்டு நின்றார்.

மண்டபம் திரும்பிக் கதவைப் பார்த்தது. பிறகு இன்னும் பலமாகக் கைதட்டியது.

"பாத்தீங்களோ எவ்வளவு அடக்கம்!" என்றார் நிரூபன், குரல் தழுதழுக்க. "எங்கட வீட்டில இருக்கிற ஒரு வெளிநாட்டுக் கவிஞருக்குத் தன்ர நாடகத்தையே தூக்கிக் குடுக்கிறார்! இன்னொரு பொன்னாடை எடுத்து வாங்கோ!"

"அடக்கம் இல்லையடா, களவு!" என்று கத்தினார் குகநாதன். "களவெடுத்தனான்!" கைதட்டல் ஓயவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை சொன்ன மனிதருக்கு இதைவிடக் கேவலம் வேண்டியதில்லை.

அப்போது ஜெகதீஸ்வரி விதவைச் சேலையோடேயே வந்து அவருடைய கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த மனுசன் சொல்லுறது உண்மை" என்றாள். "முப்பது வருசம் குடும்பம் நடத்தினனான், எனக்குத் தெரியும். அடக்கம் எண்டது இவரிட்ட மருந்துக்கும் இல்லை."

அதை மறுக்க அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கைதட்டல் நின்றது. மூன்றாம் வரிசையில் யாரோ "சீ" என்றார்கள். குகநாதன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜெகதீஸ்வரிக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "வீட்டை வாங்கோ, கதைக்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, திமெர்பாயை மேடைக்கு வரும்படி சைகை காட்டினாள். அவர் வந்தார். அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி.

"அவரிட்டக் கேளுங்கோ. நான் நிரப்பிக் குடுக்கிறன், அவன் ஏன் போறான்?"

குகநாதன் ஜெர்மனில் கேட்டார். திமெர்பாய் அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். குகநாதன் மைக்கில் தமிழில் சொன்னார்.

"எங்கள் ஊரில் விருந்தாளிக்குக் கோப்பையை நிரப்பமாட்டோம். கொஞ்சமாக ஊற்றுவோம். முடிந்ததும் திரும்ப ஊற்றுவோம். ஆறாமல் இருக்கும், நாமும் திரும்பத் திரும்ப அவரிடம் போகலாம். இரு, போகாதே, இன்னும் பேசு என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால், இதைக் குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். முதல் இரண்டு மாலையும் அந்தத் தாய்க்கு அவனைப் பிடித்திருந்தது. மூன்றாவது மாலைக்குள் ஊர் அவளை மிரட்டிவிட்டது. வாயால் போ என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. அதனால் ஊற்றினாள்."

டொக்டர் கோபாலகிருஷ்ணன், "இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கேனே" என்று முனகினார்.

"ஐயோ" என்றாள் ஜெகதீஸ்வரி. "அப்ப நான் இருபது வருசமா அந்தப் பெடியனைக் கலைச்சுக்கொண்டோ இருந்தனான்?" அவள் மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். நடிப்பில்லாமல் அவள் அழுததை அந்த மண்டபம் அன்றுதான் பார்த்தது.

திமெர்பாய் குகநாதன் பக்கம் திரும்பினார். இப்போதுதான் தனக்கு அடி விழப்போகிறது என்று குகநாதன் கண்ணை இறுக்கினார்.

"அங்கே என் பெயரை மட்டும்தான் எடுத்தார்கள்" என்றார் திமெர்பாய். "நீங்கள் முடிவையும் எடுத்துவிட்டீர்கள்."

"ஓம்" என்று ஒப்புக்கொண்டார் குகநாதன், தமிழில்.

"வாசலில் நின்று அந்தப் பையன் ஏதோ சொன்னானே. என் நாடகத்தில் அவன் ஒன்றும் சொல்லாமல்தான் போவான். என்ன சொன்னான்?"

குகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் ரோசம் இருக்கிறது என்றான். அது மட்டும் நான் எழுதியது. வெட்டிவிடுகிறேன் அகாய். நாளைக்கே வெட்டிவிடுகிறேன்."

திமெர்பாய் மேடையில் இருந்த கோப்பையைக் கையில் எடுத்தார். பிறகு, "எனக்கும் ஊரில் ஒருநாள் கோப்பையை நிரப்பித்தான் கொடுத்தார்கள்" என்றார். "என் நாடகத்து ஆளைப்போலவே நானும் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். இரண்டு வருடமாக யோசிக்கிறேன், வாசலில் நின்று என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று. எனக்கு வரவில்லை." அவர் லதீசனைப் பார்த்தார், பிறகு குகநாதனைப் பார்த்தார். "அந்த வரியை வெட்டாதீர்கள். அது உங்களுடையது. உங்கள் பெயரைப் போடுங்கள்."

திங்கட்கிழமை நிரூபன் அடுத்த காட்சிக்கான துண்டுப்பிரசுரத்தைப் போனில் அனுப்பினார். வெறும் பெயர்தான், படம்கூட இல்லை. 'மூன்றாவது மாலை. எழுதியவர்: திமெர்பாய் யுமாகூலோவ்' என்று பெரிய எழுத்தில். கீழே, கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய அளவில், 'ஒரு வரி: குகநாதன்.'

யாரோ ஒரு வீட்டுப் பொயிலருக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடி குகநாதன் அதை வாசித்தார். அலுமாரி நிறையப் பொன்னாடை வாங்கியபோது ஒருநாளும் அழாத மனிதர், அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார்.